பால்மரம் இலை உதிர்க்கும்போதே தொடங்குங்கள்: சித்திரை மழைக்கு வீட்டுத் தோட்டத்தைத் தயார்செய்யும் முழு வழிகாட்டி

தைப்பூசக் காவடியெல்லாம் இறக்கி வைத்தபின் மலேசியாவின் கெடா மாநிலத்துக் கோல கெட்டில் பக்கம் வந்து பாருங்கள். சாலையின் இரண்டு பக்கமும் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், மொட்டையாக நிற்கும், தரை முழுக்கச் சருகு. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இன்னும் குளிருக்கு மேல்சட்டை போட்டிருப்பார்கள். பதினொரு மணிக்கு அதே ஆட்கள் நிழல் தேடுவார்கள். பால் குறைந்துபோவதால் பால்வெட்டு வேலை இருக்கிறவர்களுக்கும் வருமானம் சரிந்துவிடும் மாதம் இது. கையில் காசு குறைவு, நேரம் அதிகம். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாதம் வருடத்தில் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் விதைப்பதற்கு இல்லை. தமிழ்நாட்டு யூடியூப் தோட்டங்களைப் பார்த்துவிட்டு "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம்மவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் சொன்னது. கெடாவின் கணக்கு வேறு: மாசியில் மண்ணையும் தண்ணீரையும் உடம்பையும் தயார் செய்ய வேண்டும், பங்குனிக் கடைசியில் விதையை மண்ணில் போட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் விதைக்காசும் போகும், முதுகும் போகும்.

படி 1: வானத்தையும் மரத்தையும் படியுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. கிழக்குக் கரையில் கிளந்தானையும் திரெங்கானுவையும் வெள்ளத்தில் தள்ளும் அதே காற்று, நடுவில் இருக்கும் மலைத்தொடர்களைத் தாண்டி நம் பக்கம் வரும்போது ஈரத்தை இழந்துவிடுகிறது. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் கெடாவும் பெர்லிஸும் காய்கின்றன. மார்ச் கடைசியில் காற்று திசை மாறும். ஏப்ரலும் மே மாதமும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம், மதியத்துக்குமேல் கருமேகம் திரண்டு இடியோடு கொட்டும். நாம் காத்திருப்பது அந்த மழைக்கு.

வெயிலின் உச்சமும் அதே சமயத்தில்தான் வருகிறது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரி அளவில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும். நாட்டிலேயே அதிகபட்சமாகப் பதிவான வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9-ல், பெர்லிஸின் சுப்பிங்கில். 2016 மார்ச்சில் எல் நினோ வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். ஆகவே மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் வெப்ப எச்சரிக்கையைத் தினமும் ஒருதரம் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை. 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாவது. இரண்டாம் நிலை அறிவித்துவிட்டால் தோட்ட வேலையை அப்படியே நிறுத்திவிடலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

பலரை ஏமாற்றுவது பிப்ரவரியில் திடீரென்று வரும் ஒற்றை மழை. ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் பெய்யும், மண்வாசனை வரும், உடனே வெண்டை விதையைத் தூவிவிடத் தோன்றும். வேண்டாம். முளைத்த கன்று அடுத்த பத்து நாள் வெயிலில் கருகிவிடும்.

நாள்காட்டியைவிடப் பால்மரம் நல்ல வழிகாட்டி. இலை முழுக்க உதிர்ந்தால் மண்வேலை ஆரம்பிக்கலாம். செம்பு நிறத் தளிர் விட்டால் நாற்றுப் போடலாம். ஆனால் தளிரைப் பார்த்து நிலத்தில் விதைக்கக் கூடாது, ஏனென்றால் பால்மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கும் ஈரத்தைக் குடித்து மழைக்கு முன்பே தளிர்த்துவிடும். வெண்டை விதைக்கு அந்த வசதி கிடையாது. சாயங்கால மழை ஒரே வாரத்தில் மூன்று நான்கு தடவை வந்து, மண்ணை ஒரு சாண் தோண்டினாலும் ஈரம் தெரிந்தால்தான் விதைப்பு. (தெற்கே கோல கங்சாரில் 1877-ல் நட்ட பால்மரக் கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.)

படி 2: தண்ணீரைச் சேருங்கள், கொசுவைச் சேர்க்காதீர்கள்

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருபது சதுர மீட்டர் தகரக் கூரைக்குக் கீழே குழாய் வைத்திருந்தால், பத்து மில்லிமீட்டர் மழைக்கே 200 லிட்டர், அதாவது ஒரு நீல டிரம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். அந்த ஏமாற்று மழை என்றேனே, விதைக்கு உதவாவிட்டாலும் டிரம்முக்கு உதவும். நாள்பட்ட வறட்சிக்குப்பின் வரும் முதல் ஐந்து பத்து நிமிடத் தண்ணீரில் கூரைத் தூசும் பறவை எச்சமும் இருக்கும், அதை வழியவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

டிரம் வாங்கும்போது கவனம். பழைய தோட்டத்து ஸ்டோரிலிருந்து வந்தது, மலிவு என்று யாராவது கொடுத்தால், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். களைக்கொல்லி இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் கீரைக்கு ஊற்றும் தண்ணீரை அதில் வைக்கக் கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய காலிக் கலன்கள் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன. சமையல் எண்ணெயோ சோயா சாஸோ வந்த உணவுத்தர டிரம் கிடைத்தால் அதுதான் நல்லது.

வாயை நுண்ணிய வலையால் இறுக்கிக் கட்டுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த பாத்திரச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, தேங்காய்ச் சிரட்டை, மரத்தில் மறந்துவிட்ட பால் கிண்ணம் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம்.

படி 3: மண்

இதில்தான் முழு மாதமும் போகும், போகவும் வேண்டும்.

நம் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். பெரும்பாலும் கார அமில அளவு நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் இருக்கும். பால்மரமும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனையும் அதில் தாராளமாக வளரும், கத்தரியும் வெண்டையும் வளராது. காய்கறிக்கு ஆறு, ஆறரை வேண்டும். விவசாயச் சாமான் கடையில் சோதனைப் பெட்டி கிடைக்கும். அது இல்லாவிட்டாலும் லாலாங் புல்லும் செண்டுடுக் புதர்ச்செடியும் தானாக மண்டிக்கிடக்கும் இடம் புளிப்பு மண் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாசி நடுவில், அதாவது பிப்ரவரிக் கடைசியில், களையை வெட்டி ஒரு சாண் ஆழம் கொத்துங்கள். வெட்டிய லாலாங்கைக் கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இந்த மாதத்தில் ஒரு தீப்பொறி பக்கத்துச் சருகுக் காட்டுக்குப் போனால் பால்மரம் போகும். லாலாங்கின் வேர்த்தண்டை மட்டும் பொறுக்கி எடுத்து வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் திரும்ப வரும்.

கொத்திய மண்ணில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கலக்குங்கள். இரண்டு பெரிய கைப்பிடி போதும். அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், ஆனால் அதைக் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் மண் மறுபக்கம் போய்விடும். சுண்ணாம்பு போட்ட அன்றே கோழி எருவையோ யூரியாவையோ போடுவது நம்மவர்களிடம் இருக்கும் பெரிய அவசரம். அப்படிப் போட்டால் நைட்ரஜன் அம்மோனியாவாகி ஆவியாகிவிடும். மூக்கில் ஏறும் அந்த நெடி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரம் காற்றில் போகிற நெடி. குறைந்தது இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

அந்த இடைவெளியை வீணாக்க வேண்டாம். மண்ணை நன்றாக நனைத்து, மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் ஊடுருவிப்போய் மண்ணையே சூடாக்க வேண்டும். நாலு வாரம் அப்படியே விட்டால் களை விதைகளும், நூற்புழுக்களும், நாற்றழுகல் பூஞ்சைகளும் மேல்மண்ணில் பெருமளவு செத்துவிடும். மாசி வெயிலை இலவசமாகக் கிடைக்கும் மருந்தாக மாற்றும் வழி இது. மழைக்காலத்தில் இது பலிக்காது.

போன வருடம் மிளகாய்ச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று துவண்டு செத்ததா? அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். அடுத்தமுறை அப்படி நடந்தால் தண்டின் அடிப்பகுதியை வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டிய முனை மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல நூல்நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அது மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும், பிளாஸ்டிக் மூடாக்கையும் முழுதாக நம்ப முடியாது. அங்கே மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் சில பருவங்களுக்குத் தவிர்த்து, சோளமோ பயற்றங்காயோ போடுங்கள். மிளகாய்க்குத் தனியாகப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

எருவுக்கு வருவோம். உதிர்ந்த பால்மரச் சருகு சும்மா கிடக்கிறதே என்று அள்ளலாம், தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அது தனியாக மக்க நாளாகும். ஒரு அடுக்குச் சருகு, அதன்மேல் சமையலறைக் காய்கறிக் கழிவும் கோழி எருவும், மறுபடி சருகு என்று அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், அதுதான் ஈரப் பதம். தை முடிவில் குவித்தால் பங்குனிக்குள் கறுத்துப் பொலபொலப்பாகிவிடும். பச்சைக் கோழி எருவை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் வெந்துவிடும். மக்கியதாக இருந்தால் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ, பிளாஸ்டிக்கை எடுத்தபின் மேலாகக் கலந்து ஒரு வாரம் விடுங்கள்.

செம்பனை ஆலையிலிருந்து வரும், பழம் பிரித்தெடுத்த வெற்றுக் குலை நல்ல மூடாக்கு, அதில் சாம்பல் சத்து நிறைய. மண்ணோடு கலக்காமல் மேலே ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அப்புறம் பக்கத்து வீட்டுத் தென்னைக்காரர் உங்களிடம் பேசமாட்டார்.

தோட்டத்து லயத்து வீட்டை விட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு மண்ணே இல்லை, சிமெண்டு வாசல்தான். கவலையில்லை. மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு. இந்தக் கலவையைப் பதினாறு அங்குலப் பையில் நிரப்பினால் ஒரு மிளகாய்ச் செடியோ ஒரு கத்தரியோ தாராளமாக நிற்கும். உரச்சாக்கைக் கழுவி அடியில் ஓட்டை போட்டும் பயன்படுத்தலாம்.

படி 4: விதையும் நாற்றும்

பழைய விதை பாட்டிலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈரமான டிஷ்யூவில் மடித்து, மூடிய டப்பாவில் வையுங்கள். வெண்டையும் பயற்றங்காயும் நாலைந்து நாளில் தெரியும், மிளகாய்க்குப் பத்து நாள் கொடுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அடர்த்தியாக விதைக்க வேண்டும். நாலுக்குக் கீழே போனால் புது விதை வாங்கிவிடுங்கள். நம் ஈரக்காற்றில் விதை சீக்கிரம் கெடும். காற்றுப் புகாத டப்பாவில், குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதுதான் சரி.

ஊருக்குப் போன சித்தி பையில் நாலு பாக்கெட் விதை கொண்டுவருவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. இறக்குமதி அனுமதி இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது, தாவர நோய்த்தடுப்புச் சட்டம் 1976 முதலே இருக்கிறது. விதையோடு வரும் நோய் நம் ஊர்ச் செடிகளையும் பிடிக்கும். இங்கேயே கிடைக்கும் குலாய் மிளகாய் நம் பருவத்துக்குப் பழகியது, அதைவிட்டு வேறு தேட அவசியமில்லை.

மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் மார்ச் முதல் வாரத்தில் நாற்றுத்தட்டில் போடுங்கள். ஒரு மாதத்தில் நடவுக்குத் தயாராகும், மழையும் அப்போது வந்திருக்கும். நாற்றுக் கலவைக்குக் கருக்கிய உமி அருமையான பொருள். வடக்கே முழுக்க வயல் இருப்பதால் நம் பக்கம் மலிவாகவே கிடைக்கும். பாதி நிழல் தரும் வலைக்குக் கீழே வைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். சாயங்காலம் நனைத்தால் இரவு முழுக்க ஈரம் நின்று கழுத்தழுகல் வரும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

வெண்டை, பயற்றங்காய், பீர்க்கு, கங்கோங் கீரை, மற்றக் கீரை எதற்கும் நாற்று வேண்டாம், நேராக மண்ணில்தான். முருங்கைப் போத்தை இப்போதே வெட்டி நிழலில் சில நாள் வைத்து முனையைக் காயவிடலாம்.

படி 5: கருவிகள்

வறட்சியில் மரப்பிடி சுருங்கி மண்வெட்டித் தலை ஆடும். வீசும்போது கழன்றால் ஆபத்து, ஆப்பு அடித்து இறுக்குங்கள். பாராங் கத்தியையும் மண்வெட்டி வாயையும் அரத்தால் தீட்டி எண்ணெய் தடவுங்கள். கூர்மையான மண்வெட்டி பாதி முதுகுவலியைக் குறைக்கும்.

படி 6: உடம்பு

தோட்டத்தில் வளர்ந்தவன், எனக்கா வெயில் என்று சொல்லும் ஐம்பது வயதுக்காரர்கள்தான் முதலில் மயங்கி விழுகிறார்கள். ஏர்கோன் போட்ட தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்த உடம்பு பழைய உடம்பு இல்லை. வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் அரை மணி நேரத்தோடு நிறுத்தி, பிறகு ஏற்றிக்கொண்டே போங்கள். பிப்ரவரியில் ஏழரை மணி சுமாருக்குத்தான் விடியும். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை, பிறகு சாயங்காலம் ஐந்தரைக்குமேல். பால் வெட்டுக்காரர்கள் நேரத்தோடு போய் நேரத்தோடு வந்தது சும்மா இல்லை. தாகம் வரும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். சிறுநீர் கரும் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. அதன் கிருமி நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, காயம் வழியாக உள்ளே போகும், மழை தொடங்கியதும் அதிகம் வரும். அதற்கு மிக எளிதாக ஆளாகிறவர்கள் சர்க்கரை நோயாளிகள், உயிரையே எடுக்கக்கூடியது. ஆகவே செருப்போடு தோட்டத்தில் இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள், இறங்குமுன் காலைத் திருப்பிப் பார்த்துக் காயத்தை மூடுங்கள், காலில் புண் ஆறாமல் இருந்தால் அந்தப் பருவம் மண்வேலையை மகனிடம் விடுங்கள். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் இதே பூட்ஸ்தான் காவல். காய்ச்சல் வந்து கிளினிக் போனால் "மண்ணில் வேலை செய்தேன் டாக்டர்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர் தேடும் திசையே மாறும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: பாத்தி, மழை, விதை

மார்ச் கடைசியில் பிளாஸ்டிக்கை எடுத்து, எரு கலந்து, பாத்தியை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். சித்திரை மழை தூறலாக வராது, ஒரேயடியாகக் கொட்டும். தட்டையான பாத்தியில் விதை மிதந்து போய்விடும். சரிவான நிலமென்றால் பாத்தி சரிவுக்குக் குறுக்கே ஓட வேண்டும், நடுவில் வடிகால். பீர்க்குக்கும் பயற்றங்காய்க்கும் பந்தலை முன்பே ஊன்றிவிடுங்கள், இடிமழையோடு வரும் காற்றில் அவசரப் பந்தல் நிற்காது. குரங்குத் தொல்லை உள்ள இடமென்றால் வலையும் இப்போதே.

மழை தொடர்ந்து வந்ததும் விதையுங்கள். வெண்டை, பயற்றங்காயை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டு மூன்றாகப் போட்டு, முளைத்தபின் நல்லதை மட்டும் விடுங்கள். ஏறக்குறைய 45 முதல் 50 நாளில் முதல் பறிப்பு. நாற்றுகளைச் சாயங்காலம் நட்டு, மூன்று நாலு நாள் மதிய வெயிலுக்குத் தென்னங்கீற்றால் மறையுங்கள். மிளகாய் காய்க்க நட்டபின் இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். பாத்தி முழுக்கச் சருகைப் பரப்பினால் மழையில் மண் தெறிக்காது, இலையில் நோயும் குறையும். தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விடுங்கள்.

இடிச்சத்தம் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகு வெளியே வந்து, வடிகால் அடைத்திருக்கிறதா, விதை மண்ணுக்குமேல் வந்துவிட்டதா என்று பாருங்கள். கங்கோங்கையும் கீரையையும் மட்டும் ஒரே நாளில் எல்லாம் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தியாகப் போடுங்கள். ஒவ்வொரு பாத்தியும் மூன்று நாலு வாரத்தில் அறுப்புக்கு வரும், மே கடைசியில் தென்மேற்குக் காற்று பிடிக்கும்வரை கீரைக்குப் பாசார், அதாவது சந்தை, போக வேண்டியிருக்காது.